25 கிலோமீட்டரில் கைவிடும் மோட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார மலைச் சைக்கிள் வாங்க வருகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பது. அடுத்த கேள்வி, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வைக்க முடியுமா என்பது. மோட்டார் 25-இல் நின்றுவிடுவதால் மண்பாதையில் ஓட்டும் சுகமே கெட்டுப்போகிறது என்று பலர் மனம் நொந்து சொல்கிறார்கள். அந்தக் குறை உண்மைதான். ஆனால் அது பாதையின் எந்த இடத்தில் வருகிறது, எதனால் வருகிறது என்று பார்க்காமல் எல்லையை உடைக்க வழி தேடுகிறார்கள். அதில் காசும் போகிறது, மோட்டாரும் போகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உங்கள் பக்கத்தில் இடம் கேட்கிறோம்.

முதலில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டாரின் தொடர் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். பெடல் மிதித்தால்தான் உதவி வர வேண்டும். வேகம் கூடக் கூட உதவி குறைந்து, மணிக்கு 25 கி.மீ.யில் முற்றிலும் நிற்க வேண்டும். அப்படி இருந்தால் அது சைக்கிள், இல்லாவிட்டால் மோட்டார் வண்டி. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மூன்று வகையாகப் பிரித்திருக்கின்றன. மலைப்பாதைகளில் பெரும்பாலும் அனுமதிக்கப்படுவது முதல் வகை. அதில் உதவி மணிக்கு 20 மைல் வரை, அதாவது 32 கி.மீ. வரை வரும். நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஐரோப்பிய எண்களையே ஒட்டிப் போகின்றன: கால் கிலோவாட், 25 கி.மீ. இதற்குள் இருக்கும் வரை பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். அமெரிக்கக் காணொலிகளைப் பார்த்துவிட்டு இங்கே வாங்குகிறவருக்கு ஏமாற்றம் வருவதில் வியப்பில்லை. சைக்கிள் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உதவி நிற்கும் இடம் வேறு.

இப்போது கணக்கு. ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 24 கிலோ, தண்ணீர் பாட்டிலும் சேர்த்து மொத்தம் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளமான மண்பாதை, முள் டயர், நிமிர்ந்த உட்காரல். 25 கி.மீ. வேகத்தில் ஓட ஏறத்தாழ 235 வாட் வேண்டும். அதில் பாதிக்கு மேல் டயர் மண்ணில் உருள்வதற்குப் போகிறது, மிச்சம் காற்றைத் தள்ளுவதற்கு. உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள ஒருவர் நெடுநேரம் தரக்கூடியது 150 வாட். அந்த வேகத்தில் அவர் காலுக்கு மோட்டார் சேர்த்துத் தருவது 85 வாட்.

வேகமானி முள் 25-ஐத் தாண்டியதும் அந்த 85 வாட் போய்விடுகிறது. 28-இல் ஓட 295 வாட் வேண்டும். அது முழுக்கக் காலிலிருந்தே வர வேண்டும். மூன்றே கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் காலின் வேலை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஓட்டுகிறவர்கள் "சுவரில் முட்டுவது மாதிரி" என்று சொல்வது இதைத்தான். மோட்டாரின் ரீங்காரம் சட்டென்று அடங்கும், செயினின் சரசரப்பு மட்டும் காதில் விழும், தொடையில் பாரம் ஏறும். வேகம் 24-க்கு இறங்கியதும் மோட்டார் மறுபடி தள்ளும். மறுபடி 25, மறுபடி விடும். ஐந்து நிமிடம் இப்படித் தூக்கித் தூக்கிப் போட்டால் யாருக்கும் எரிச்சல் வரும்.

சரி, இது எங்கே நடக்கிறது? ஏற்றத்தில் நடப்பதில்லை. ஒவ்வொரு சதவீத ஏற்றத்துக்கும் அந்த வேகத்தில் கூடுதலாக 68 வாட் வேண்டும். 10 சதவீத ஏற்றத்தில் 25 கி.மீ. வேகத்தைப் பிடிக்க 900 வாட்டுக்கு மேல் தேவை. நல்ல மோட்டாரோடு சாதாரணமாக ஓட்டுகிறவர் அங்கே 12, 13-இல்தான் போவார். எல்லை 25-ஆக இருந்தாலும் 45-ஆக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதை மோட் மாற்றித் தேர்ந்துகொள்ளலாம்: சிக்கனம், நடு, உச்சம். நடுத்தர மோடில் ஓட்டினால் 3 சதவீத ஏற்றத்துக்கு மேல் எல்லையைத் தொடவே முடியாது. உச்ச மோடில் 6 சதவீதம் வரை தொடலாம். இறக்கத்திலும் எல்லைக்கு வேலையில்லை. 3 சதவீதம் இறங்கினாலே பூமி இழுக்கும் இழுப்பு மோட்டாரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் பிரேக்தான் பேசும்.

ஆக, எல்லை உறுத்துவது 3 சதவீத ஏற்றத்துக்கும் 3 சதவீத இறக்கத்துக்கும் இடைப்பட்ட, நேரான, அகலமான பாதையில் மட்டும். மலைச் சரிவை வளைத்துப் போகும் எஸ்டேட் ரோடு, வாய்க்கால் கரை, காட்டு ஜீப் பாதை. மலைச் சைக்கிள் எதற்காகப் பிறந்ததோ அந்த ஒற்றையடிப் பாதையில், வேரும் பாறையும் கொண்டை ஊசி வளைவுமாக இருக்கும் இடத்தில், சராசரி வேகம் 25-ஐ எட்டுவதே அபூர்வம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2019 முதல் மின்சார மலைச் சைக்கிளுக்கு உலகப் போட்டி நடத்துகிறது. முதல் போட்டி நடந்தது 32 கி.மீ. எல்லை உள்ள கனடாவில். ஆனாலும் போட்டிக்கு வைத்த விதி 25 கி.மீ., 250 வாட். செங்குத்தான ஏற்றமும் கரடுமுரடான இறக்கமும் வைத்தால் அந்த எல்லைக்குள்ளேயே மூச்சு முட்டும் போட்டி நடக்கிறது.

எல்லை உறுத்தும் அந்தச் சின்னப் பகுதியிலும் பாதிக் குறை சைக்கிளின் அமைப்பால் வருவது. அதைச் சரிசெய்யலாம்.

மோட்டார் எப்படி விடுகிறது என்பது முதல் விஷயம். பாஷ் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை நடு மோட்டாரில், அதாவது பெடல் அச்சில் பொருத்திய மோட்டாரில், முன் பல்சக்கரம் மிகச் சின்னது. பெடல் தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டரைச் சுற்று சுற்றும். 25-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களையும் காலே இழுத்துப்போக வேண்டும். அந்தக் காலத்தில்தான் "25-க்கு மேல் ஈயத்தை மிதிப்பது போல் இருக்கிறது" என்ற பெயர் கிளம்பியது. 2019-இல் வந்த நான்காம் தலைமுறையில் மோட்டார் நின்றதும் கிளட்ச் அதை முழுக்கக் கழற்றிவிடுகிறது. வித்தியாசத்தை ஒரு முறை ஓட்டினாலே உணரலாம். பாஷ் மோட்டார் உள்ள பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் முன் பல்சக்கரத்தின் பல்லை எண்ணிப் பாருங்கள். 20-க்குள் இருந்தால் பழைய அமைப்பு. 32, 34, 36 என்றால் புதியது.

இரண்டாவது கியர். 29 அங்குலச் சக்கரத்தில் 25 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சுற்று சுற்றுகிறது. முன்னால் 34 பல், பின்னால் 18 பல் என்றால் கால் 95 முறை சுழல வேண்டும். அந்த வேகத்தில் சுழலும் காலிலிருந்து உதவி நழுவும்போது உடம்பு முன்னால் விழுவது போலிருக்கும். பின்னால் 14 பல்லுக்கு மாற்றினால் கால் 74 முறைதான் சுழலும். உதவி போனாலும் மிதிக்க ஒரு பிடி இருக்கும். ஆகவே முள் 22-ஐத் தொடும்போதே ஒரு கியர் கடினமாக்கிவிடுங்கள். 25 வந்த பிறகு மாற்றினால் பிந்திவிட்டது என்று பொருள்.

மூன்றாவது மோட். சமதளத்தில் உச்ச மோட் போடுகிறவர்தான் அதிகம் திண்டாடுகிறார். உச்ச மோடில் மோட்டார் காலைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளும். வண்டி பாய்ந்து எல்லையில் மோதும், உதவி முழுசாக அறுபடும். சிக்கன மோடில் 22, 23-இல் நிதானமாகப் போகிறவருக்கு மோட்டார் தருவதே 60, 70 வாட். அது போனாலும் பெரிய பள்ளம் தெரியாது. சமதளத்தில் சிக்கனம், ஏற்றத்தில் நடு மோட், மிகச் செங்குத்தான பாறைப் படியில் மட்டும் உச்சம். இந்தப் பழக்கம் வந்தவர்கள் எல்லையைப் பற்றிப் புகார் சொல்வது வெகுவாகக் குறைந்துவிடும்.

நான்காவது டயர். கீழ்நோக்கிப் பாய்வதற்கான கனத்த முள் டயரைப் பின்னால் மாட்டிக்கொண்டு, காற்றும் குறைவாக வைத்துக்கொண்டு, எல்லைக்கு மேல் மிதிக்க முடியவில்லை என்றால் குற்றம் விதிமேல் இல்லை. பின்னால் முள் தாழ்ந்த, நடுவரிசை நெருக்கமான டயர் போதும். 75 கிலோ ஆளுக்கு, 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயரில், முன்னால் 20 முதல் 22 பிஎஸ்ஐ, பின்னால் 23 முதல் 25. கனம் கூடினால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம்.

எல்லையே அல்லாத பழுதை எல்லை என்று நினைத்து அலைகிறவர்களும் உண்டு. பின் சக்கர ஆரக்கம்பியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். சைக்கிளின் சட்டகத்தில் இருக்கும் சென்சார் அதைக் கொண்டுதான் வேகத்தை எண்ணுகிறது. பாறை தட்டிக் காந்தம் நகர்ந்தால் சுற்று தவறும், உதவி விட்டுவிட்டு வரும் அல்லது வராது. காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே 5 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று விரலால் பார்த்தாலே போதும். இன்னொன்று, சக்கர மாற்றம். பின்னால் 29 அங்குலத்தை எடுத்துவிட்டு 27.5 போடுகிறார்கள், கைப்பிடியில் உள்ள திரையில் சக்கரச் சுற்றளவை மாற்ற மறந்துவிடுகிறார்கள். 2,330 மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கணினிக்கு 2,250 மில்லிமீட்டர் சக்கரம் வேகமாகச் சுற்றுவதாகத் தெரியும். உண்மையில் 24 கி.மீ. போகும்போதே உதவி நின்றுவிடும். ஒரு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 22-க்கும் 25-க்கும் இடையில்தான் சமதளச் சுகம் முழுக்க இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இனி எல்லையை உடைப்பது பற்றி. நடு மோட்டார் சைக்கிளில் வேக சென்சாரை ஏமாற்றும் சின்னக் கருவியைச் செருகுகிறார்கள். பாஷ் 2020 முதல் இதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வைத்திருக்கிறது. 504 என்ற பிழை எண் வந்து உதவி சுருங்கிவிடும், மூன்றாம் முறை கண்டுபிடித்தால் அங்கீகரிக்கப்பட்ட கடைக்குப் போகாமல் தீராது. உத்தரவாதமும் போய்விடும்.

நம் ஊரில் அதிகம் விற்பது பின் சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள ஹப் மோட்டார் வண்டி. அதில் கருவிகூட வேண்டாம். திரையின் அமைப்புப் பட்டியலில் வேக எல்லை எண்ணை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இதில்தான் பெரிய நட்டம் என்று அழுத்திச் சொல்கிறோம். 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்தால் 36, 37. ஹப் மோட்டாரின் உச்ச வேகம் வோல்ட்டைப் பின்பற்றும். காலையில் 30 போன வண்டி மதியம் 26-க்கு மேல் போகாது. எல்லையைத் திறந்துவிட்டதால் கிடைத்தது முதல் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகம் மட்டும்.

அதற்கு என்ன விலை? பெரும்பாலான ஹப் மோட்டாருக்குள் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்ட மூன்று நைலான் பல்சக்கரங்கள் இருக்கின்றன. எண்ணை மாற்றும்போது பலர் மின்னோட்ட எல்லையையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். அந்த மோட்டாரை மலை ஏற்றத்தில் 8 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் பேட்டரியிலிருந்து வருவதில் பெரும்பங்கு சூடாகத்தான் மாறும். மூடிய கூடுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பிரித்துப் பார்த்தால் நைலான் பல்லின் நுனி மெழுகு போல் ஒரு பக்கம் சாய்ந்து இழைந்திருக்கும், கிரீஸ் கறுத்துக் கூழாகியிருக்கும். வேகத்துக்கென்று கம்பி சுற்றிய வேறு மோட்டாரை மாட்டினாலும், அதே மின்னோட்டத்தில் அது குறைந்த இழுவைதான் தரும் என்பது மின்னியலின் அடிப்படை. மலை ஏற வாங்கிய வண்டியை வேகத்துக்கு மாற்றக் கேட்பவர், ஏற்றத்தின் வலுவை விற்றுச் சமதளத்தின் வேகத்தை வாங்குகிறார்.

பேட்டரிக் கணக்கும் பாருங்கள். 150 வாட் தரும் அதே ஆள் 25-இல் போனால் மோட்டார் ஒரு கிலோமீட்டருக்குத் தருவது 3.4 வாட்-மணி. 32-இல் போனால் 7.3. வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் கூடியது, செலவு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. 1,000 மீட்டர் உயரம் ஏற பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 250 வாட்-மணி வேண்டும் என்று வைத்தால், சமவெளியில் வேகமாக ஓடி வீணாக்கியது கடைசி ஏற்றத்தில் தெரியும். 24 கிலோ வண்டியை மோட்டார் இல்லாமல் மேலே தள்ளிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், பாதையில் நாம் மட்டும் இல்லை. எதிரே ஆளைக் கண்டு மூளை கைக்குச் சொல்ல ஒரு விநாடி; தளர்ந்த மண்ணில் பிரேக் பிடித்து நிற்க மிச்சத் தூரம். 25 கி.மீ. வேகத்தில் மொத்தம் 13 மீட்டர். 32-இல் 19 மீட்டர். 45-இல் 32 மீட்டர். குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதையில் வளைவுக்கு அப்பால் 13 மீட்டர் தெரிந்தாலே அதிகம். இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் பெண்கள் சட்டென்று ஒதுங்க முடியாது. வரப்போரம் மேயும் காட்டெருமை ஒதுங்காது. மின்சார சைக்கிள் சத்தமில்லாமல் வருவது இன்னும் ஆபத்து. மோதும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 25-ஐவிட 32-இல் 1.6 மடங்கு. கூட வருகிறவர் சாதாரண சைக்கிளில் 200 வாட் மிதித்தால் சமதளத்தில் 22, 23-இல் வருவார். 25 எல்லையில் இருவரும் பேசிக்கொண்டே போகலாம். 32 எல்லையில் ஒருவர் முன்னால் மறைந்துபோவார்.

ஐரோப்பாவிலும் காட்டுப்பாதை தானாகக் கிடைத்துவிடவில்லை. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப்பாதையில் சைக்கிளே கூடாது என்று சட்டம் இருக்கிறது. மின்சார மலைச் சைக்கிள் பாதையில் அனுமதிக்கப்படுவதே அது சட்டத்தின் கண்ணில் சைக்கிளாக இருப்பதால்தான். இங்கே காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த வண்டியும் போகக் கூடாது. எஸ்டேட் பாதை உரிமையாளரின் சம்மதத்தில் ஓடுவது. எல்லை உடைத்த ஒரு வண்டி யாரையாவது மோதினால், சட்டப்படி அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம். இழப்பீடு முழுதும் ஓட்டியவர் தலையில் விழும், பாதை எல்லாருக்கும் மூடும்.

இதற்காக விதி குறையில்லாதது என்று சொல்லவில்லை. உதவி படிப்படியாகக் குறைய வேண்டும் என்று விதியில் இருக்கிறது. எவ்வளவு படிப்படியாக என்பது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. மலிவு ஹப் மோட்டார் வண்டிகளில் 24.9-இல் முழு உதவியும் 25-இல் பூஜ்யமும் வருகிறது. மிதிப்பின் அழுத்தத்தை அளக்காமல் பெடல் சுற்றுவதை மட்டும் எண்ணும் சென்சார் இருப்பதால், கால் நின்ற பிறகும் அரை விநாடிக்கு மேல் மோட்டார் தள்ளுகிறது. ஒற்றையடிப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் அந்த அரை விநாடி ஆளைப் பள்ளத்தில் இறக்கிவிடும். 21-இல் தொடங்கி 25-இல் முடியும் சீரான சரிவை விதியிலேயே எழுதிவிட்டால், எல்லையை ஒரு கிலோமீட்டர்கூட ஏற்றாமல் பெரும்பாலான புகார் தீரும். 32 வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதைக் கேட்டால் நாங்களும் கூடச் சேர்ந்து கேட்கத் தயார்.

அதுவரை கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மலைக்கென்று விற்கும் ஒவ்வொரு மின்சார சைக்கிளின் ரசீதிலும் நான்கு விவரம் எழுதித் தாருங்கள்: மோட்டார் நடுவிலா சக்கரத்திலா, சென்சார் அழுத்தத்தை அளப்பதா சுற்றை எண்ணுவதா, உதவி எந்த வேகத்தில் குறையத் தொடங்குகிறது, திரையில் பதிந்த சக்கரச் சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர். வாங்குகிறவர்கள் ரசீதை மடிப்பதற்கு முன் பின் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்து, கடைசி எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மலைச் சைக்கிள் பழுதுபார்ப்போர் மூவர்,
குன்னூர்.